சேவைக்கு விட்ட வீடு

கேள்வி: திருப்பூரில் எங்கள் நாலு லைன் வீடுகளை ஓர் அறக்கட்டளைக்கு விட்டிருக்கிறோம். ஆதரவற்ற பெண்களையும் பிள்ளைகளையும் குடிவைத்திருக்கிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி. கேட்டால், "சேவைன்னு பாருங்கம்மா" என்கிறார்கள். கரண்டை நிறுத்திவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். செய்யலாமா?
– வாசகி, அவினாசி

பதில்: வேண்டாம் தாயி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது. அதைவிட எனக்கு வருத்தம் வேறு: இருட்டில் உட்காரப்போவது கையெழுத்துப் போட்ட அறக்கட்டளைக்காரர் இல்லை, பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துவிட்டு வரும் பெண். பாக்கி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அதற்காக உங்கள் கோபம் தப்பில்லை. சேவை அவர்களுடையது, அதன் செலவை உங்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. நன்கொடை தாமதமாகத்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். முன்யோசனையாக இரண்டு மாத வாடகையைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லையென்றால் உடனே போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், உள்வாடகைக்கு, அதாவது அறக்கட்டளை வேறு ஆட்களைக் குடிவைப்பதற்கு, உங்கள் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு எத்தனை பேர், செப்டிக் டேங்க் யார் செலவு, இதையெல்லாம் எழுதிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

அப்புறம், பாக்கிக்கு இப்போதே அறக்கட்டளையின் பெயருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போகலாம்.