முன்பாரம் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். பிக்கப் வண்டியின் பின்புறத் திறந்த தொட்டியில் (பெட்) பொருத்திய ஹிட்ச் என்கிற கொக்கியில் மாட்டி இழுக்கிற வீட்டு ட்ரெய்லர்தான் அது. அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. நம் ஆட்களில் இவ்வளவு பேர் வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகத் தயாராகிவிட்டார்களா! சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: என்னிடம் அரை டன் பிக்கப் இருக்கிறது. 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். முழுச் சுமையோடு 9,500 பவுண்டு வரும் ஒரு ஃபிஃப்த் வீல் பார்த்து வைத்திருக்கிறோம். 16,000 பவுண்டு தாங்கும் ஹிட்ச் வாங்கிப் போட்டுவிட்டால் பயமில்லைதானே? – வாசகர், பிளேனோ, டெக்சஸ்

ஹிட்ச் தாங்கும், உங்கள் வண்டிதான் தாங்காது.

ஊரில் பாரவண்டி ஓட்டுகிறவர்கள் நெல் மூட்டையை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். மொத்தம் எத்தனை மூட்டை என்பதைவிட அதில் எவ்வளவு மாட்டின் கழுத்தில் இறங்குகிறது என்பதுதான் அவர்கள் கவலை. ஃபிஃப்த் வீலில் அந்த முன்பாரம், ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் இருக்கும் கிங்பின் என்கிற முளை வழியாக வண்டியில் இறங்கும்; அதனால் அதற்குப் பெயர் பின் வெயிட் (pin weight). பம்பருக்குப் பின்னால் உருண்டையில் மாட்டும் சாதாரண ட்ரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் மேல் விழும் என்றால், இதில் 15 முதல் 25 சதவீதம் வரை விழும். கணக்குப் போட 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ட்ரெய்லருக்கு அது 1,900 பவுண்டு.

இப்போது எழுந்து போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோடு. அதே மாடல், அதே வருடம், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியாக இருந்தாலும் எண் வேறாக இருக்கும், ஏனென்றால் சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், தோல் சீட் என்று நாம் ஆசைப்பட்டுச் சேர்த்த ஒவ்வொன்றும் இந்த எண்ணிலிருந்துதான் கழிந்திருக்கிறது. உங்களுடையது 1,650 என்று வைத்துக்கொள்வோம். பின் வெயிட் 1,900, ஹிட்ச் ஒரு 150, நீங்கள் நான்கு பேர் 600, மொத்தம் 2,650. ஒரு தலையணைகூட ஏற்றாமலே ஆயிரம் பவுண்டு அதிகம்.

11,000 என்கிற எண் பொய்யில்லை, அது வேறு கணக்கு. வண்டியில் கிட்டத்தட்ட ஒன்றுமே ஏற்றாமல், பின்னால் கட்டி இழுக்கும் சாதாரண ட்ரெய்லருக்குச் சொன்னது. அதேபோல, விற்கிறவர் காட்டும் காலி எடையை நம்பாதீர்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 60 கேலன் தொட்டி நிறைந்தால் அதுவே 500. அப்புறம் பாட்டரி, கேஸ் சிலிண்டர், இட்லிக் குக்கர், ஈர மாவு அரைக்கும் கிரைண்டர் (சிரிக்காதீர்கள், நாங்கள் எடுத்துப் போயிருக்கிறோம்).

அரை டன்னுக்கு அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டியை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். டீசல் எஞ்சின் கனமானது, அதனால் சில முக்கால் டன் டீசல் வண்டிகளில் பேலோடு 2,000க்குச் சற்று மேலே நின்றுவிடும். பெரிய ஃபிஃப்த் வீல் வேண்டுமென்றால் ஒரு டன் வண்டியிலேயே தொடங்குங்கள். உங்களுக்கு இப்போது நான் சொல்வது ஒன்றுதான்: ட்ரெய்லரை மாற்றுங்கள், அல்லது வண்டியை மாற்றுங்கள். ஹிட்சைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கேள்வி: எங்களுடையது ஒரு டன் வண்டி, ஆறரை அடி பெட். ஸ்லைடர் ஹிட்ச் கட்டாயமா? தரையில் ஓட்டை போட வேண்டுமா? – வாசகி, சான் ஹோசே

கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எட்டடி பெட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அசையாத ஹிட்ச் போதும். அது பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது கொஞ்சம் முன்னால் உட்காரும். பெட் குட்டையானால் அதே இடம் கேபினுக்கு மிக அருகில் வந்துவிடும், இறுக்கித் திருப்பும்போது ட்ரெய்லரின் மூக்கு பின்கண்ணாடியில் மோதும். ஸ்லைடர், திரும்புகிற நேரத்துக்கு மட்டும் ட்ரெய்லரைச் சுமார் ஓரடி பின்னால் தள்ளிவைக்கும். கையால் இயக்குவது மலிவு, ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் நெம்புகோலை இழுக்க வேண்டும், சாலைக்கு வருமுன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பூட்டவும் வேண்டும். புல்ரைட் போன்ற கம்பெனிகளின் தானியங்கி வகை திரும்பும்போது தானே நகரும், விலையும் எடையும் அதிகம்.

ஆறரை அடியில் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். புதிய ட்ரெய்லர்கள் பலவற்றில் மூக்கின் இரு மூலைகளையும் செதுக்கியே செய்கிறார்கள். வாங்குமுன் ஆளில்லாத பார்க்கிங்கில் ஒருவரைக் கீழே நிறுத்தி, நத்தை வேகத்தில் திருப்பிப் பாருங்கள். ஐந்தரை அடி பெட் என்றால் ஸ்லைடர் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஓட்டை விஷயம் வண்டியைப் பொறுத்தது. தொழிற்சாலையிலேயே பெட்டில் ஹிட்ச் பொருத்தும் குழிகளோடு வந்திருந்தால், பக் சிஸ்டம் என்பார்கள், அதிர்ஷ்டம். ஹிட்சை இறக்கி, பூட்டி, வேண்டாதபோது தூக்கிவிடலாம். இல்லையென்றால் பெட்டைத் துளைத்து இரண்டு தண்டவாளங்களைச் சட்டத்தோடு முடுக்குவது பழைய, உறுதியான வழி, ஆனால் பெட்டில் அவை எப்போதும் காலை இடறும். மூன்றாவது, பெட்டின் நடுவில், கூஸ்நெக் என்கிற இன்னொரு வகை ட்ரெய்லருக்கான உருண்டையைப் பொருத்தும் துளை ஒன்றைப் போட்டு அதில் உட்காரும் ஹிட்ச். பி அண்ட் டபிள்யூ கம்பெனியின் கம்பேனியன் இந்த வகை, கழற்றினால் பெட் சமதரை. ஆண்டர்சனின் அலுமினிய ஹிட்சும் கூஸ்நெக் உருண்டையில்தான் மாட்டும், சுமார் 35 பவுண்டுதான், ஒருவரே தூக்கிவிடலாம். மற்றவை பல மடங்கு கனம், கராஜில் கப்பி கட்டித் தூக்குகிறவர்கள் உண்டு.

ஹிட்சின் தாடையைப் பார்த்து வாங்குங்கள். கிங்பின்னின் கழுத்தை இரண்டு பக்கமும் சுற்றிப் பிடிக்கும் இரட்டைத் தாடை சத்தமும் ஆட்டமும் குறைவு. தலை நான்கு பக்கமும் சாய்கிறதா என்றும் கேளுங்கள், மேடுபள்ளமான முகாமில் மாட்டும்போது அதன் அருமை தெரியும். கடைசியாக, ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் பெட்டின் பக்கச் சுவருக்கும் நடுவே ஆறு அங்குலம் இருக்கும்படி ஹிட்சின் உயரத்தை வையுங்கள். ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று ஹிட்சைத் தாழ்த்திவிட்டு, முதல் பள்ளத்திலேயே பக்கச் சுவரை நசுக்கியவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அடுத்த மாதம் முதல் முறையாக நாங்களே மாட்டப் போகிறோம். ட்ரெய்லர் கழன்று பெட்டின் மேல் விழுவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. – வாசகர், ஹூஸ்டன்

பயம் நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். அப்படி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. ட்ரெய்லர் அதிக உயரத்தில் நிற்கும்போது பின்னால் வந்து மாட்டுவது. அப்போது தாடை கிங்பின்னின் ஒடுங்கிய கழுத்தைப் பிடிக்காமல் அதற்குக் கீழே மூடிக்கொள்ளும். க்ளிக் என்று சத்தம்கூட வரும். மாட்டிவிட்டது என்று நினைத்து, ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தூக்கி, வண்டியை எடுப்போம், முதல் பச்சை விளக்கில் ட்ரெய்லர் பெட்டின் மேல்.

அதனால் ட்ரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, டெயில்கேட்டை (பெட்டின் பின்கதவை) இறக்கி, ட்ரெய்லரின் தட்டு ஹிட்சின் தட்டைவிட ஓர் அங்குலம் போலத் தாழ்ந்திருக்கும்படி முன்கால்களைச் சரிசெய்யுங்கள். நீங்கள் பின்னால் வரும்போது ஹிட்சின் சரிவில் ஏறி அது கொஞ்சம் தூக்கப்பட வேண்டும். பூட்டியதும் டார்ச் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். இரண்டு தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மாட்டவில்லை, எவ்வளவு க்ளிக் கேட்டிருந்தாலும் சரி. கைப்பிடிக்குப் பூட்டு ஊசி போட்டு, மின்வயரைச் செருகி, பிரேக்அவே கம்பியை வண்டியின் உறுதியான பாகத்தில் மாட்டுங்கள். ஹிட்சின் கைப்பிடியில் மாட்டாதீர்கள், ட்ரெய்லர் கழன்றால் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய கம்பி அது. டெயில்கேட்டை மூடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். முன்கால்களைத் தரையிலிருந்து அரை அங்குலம் மட்டும் தூக்கி, கட்டையை எடுக்காமல், பிரேக் கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திக்கொண்டு, வண்டியை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். அசையாமல் முரண்டு பிடித்தால் மாட்டிவிட்டது. கழன்றாலும் அரை அங்குலம்தான் விழும். இதற்குப் பிறகுதான் கால்களை முழுதாகத் தூக்குவதும் கட்டையை எடுப்பதும்.

கழற்றும்போது பேச்சுக் கொடுப்பவர்களை விலகி நிற்கச் சொல்லுங்கள். ஒருமுறை பக்கத்து இடத்துக்காரர் சாம்பார் வாசனை பற்றி விசாரிக்க, நானும் விளக்க, டெயில்கேட்டை இறக்க மறந்து வண்டியை முன்னால் எடுத்துவிட்டேன். கிங்பின் போய் அதில் பதிந்தது. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கேள்வி: சாதாரண லைசென்ஸ் போதுமா? – வாசகர், ஆஸ்டின்

டெக்சசில் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 26,000 பவுண்டைத் தாண்டி, ட்ரெய்லர் மட்டும் 10,000க்கு மேல் என்றால் வணிகமல்லாத கிளாஸ் ஏ வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் அதற்குள் அடங்கிவிடும். கலிஃபோர்னியா கெடுபிடி: 10,000க்கு மேல் 15,000 வரையிலான ஃபிஃப்த் வீலுக்கே தனி எழுத்துத் தேர்வு எழுதி லைசென்சில் குறிப்பு வாங்க வேண்டும், அதற்கும் மேல் போனால் கிளாஸ் ஏ. மேலே எழுதிய சான் ஹோசே வாசகி இதையும் கவனிக்கவும்.

கேள்வி: உயரம் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா? – வாசகர், மோரிஸ்வில், வட கரோலினா

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இந்தக் கேள்வியா! பக்கத்து டர்ஹாமில் கிரெக்சன் தெருவின் ரயில் பாலத்தைப் போய்ப் பாருங்கள். 11 அடி 8 அங்குலத்தில் நின்று எத்தனையோ லாரிகளின் கூரையை வாழைப்பழம்போல உரித்த பாலம் அது. 2019இல் எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், 12 அடி 4 ஆனது, பிறகும் உரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஃபிஃப்த் வீல்கள் பல 13 அடி இருக்கும். வண்டியோடு மாட்டிய பிறகு, கூரையில் இருக்கும் ஏசியின் உச்சிவரை நீங்களே டேப் பிடித்து அளந்து, எண்ணை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கைபேசியில் காருக்கு வழிகாட்டும் மேப்புக்கு உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரியாது. பெரிய வண்டிகளுக்கென்றே இருக்கும் ஜி.பி.எஸ். ஒன்று வாங்கி, அதில் அந்த எண்ணைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.