கூடார மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்

2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு கூடார மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தேன். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேள்விகள் வரும். அடிக்கடி வருகிறவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது சிஸ்டர். அடுத்து எங்காவது நிலநடுக்கம் என்றால் டிக்கெட் போட்டுக் கிளம்பிவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே? (செவிலியர், திருநெல்வேலி)

மனசு சரி, வழி சரியில்லை. காத்மாண்டு விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. நிலநடுக்கம் வந்த ஏப்ரல் 25-க்கு அடுத்த நாட்களில் நிவாரண விமானங்கள் இறங்க முடியாமல் வானத்தில் வட்டமடித்தன, சில திரும்பியே போயின. அந்த நெரிசலில் தனியாக வந்து இறங்குகிறவர் தங்க இடம், தண்ணீர், சோறு மூன்றுக்கும் வீடிழந்தவர்களோடு போட்டி போடுகிறார்.

வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வரையறை வகுத்தது. அறுவை சிகிச்சை செய்யும் இரண்டாம் வகைக் குழு என்றால் குறைந்தது 20 படுக்கை, நாளுக்கு 7 பெரிய அறுவை சிகிச்சை, இரவு பகலாக வேலை. தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வர வேண்டும். அந்த நாட்டு அரசு ஏற்றுக்கொண்டால்தான் இறங்கலாம். ஆகவே, பேரிடர் இல்லாத இப்போதே ஒரு குழுவில் சேருங்கள். கேஷுவாலிட்டி, ஆபரேஷன் தியேட்டர், பிரசவ வார்டு மூன்றிலும் கை பழகட்டும். பிரசவ வார்டை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில்.

அங்கே எப்படிப்பட்ட நோயாளிகள் வருவார்கள்? (பயிற்சி மருத்துவர், மதுரை)

இடிபாட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வரப்படும் உடல்களைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெறுங்கையால் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக் குழு வந்து கூடாரம் அடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

ஆனாலும் நசுக்குக் காயம் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தூணுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டவர் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார். தூணைத் தூக்கியதும், நசுங்கிய தசையிலிருந்த பொட்டாசியம் மொத்தமாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். அதனால், முடிந்தால் தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். பிழைத்தவருக்குச் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 1999-இல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் இப்படிச் சிறுநீரகம் பாதித்த 639 பேரில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

நாங்கள் போனபோது எங்கள் முன்னால் இருந்தவை சீழ் பிடித்த காயங்கள். அவசரத்தில் மண்ணோடு சேர்த்துத் தைக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்து, கழுவி, அழுகியதை வெட்டி, திறந்தே விட்டு, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தைத்தோம். "ஏன் தைக்காமல் விடுகிறார்கள்?" என்று உறவினர்கள் பதறுவார்கள். பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதும் சிகிச்சைதான். டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசியை யாருக்கும் விட்டுவிடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவில் மட்டும் 106 பேருக்கு டெட்டனஸ் வந்தது.

அப்புறம் வந்தவர்கள்: பிரசவ வலியோடு பெண்கள், வயிற்றுப்போக்கோடு குழந்தைகள், பி.பி. மாத்திரை இடிபாட்டில் புதைந்துபோன பெரியவர்கள். மலையில் இருந்த சுகாதார நிலையங்கள் விழுந்துவிட்டன, ஆனால் கர்ப்பிணிகளின் தேதி தள்ளிப்போகாதே.

மொழி பற்றி ஒரு வார்த்தை. "கஹாங் துக்ச?" என்றால் எங்கே வலிக்கிறது. வயதான பெண்மணியை "ஆமா" என்று கூப்பிட வேண்டும், அம்மா என்று பொருள். முதல் இரண்டு நாள் யாராவது "ஆமா" என்றால் சம்மதம் சொல்கிறார்கள் என்றே என் காது எடுத்துக்கொண்டது. காலை வெட்டி எடுக்க வேண்டும் என்பது போன்ற பேச்சை நம் அரைகுறை நேபாளியில் பேசவே கூடாது. உள்ளூர் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, குடும்பத்தோடு பேச வேண்டும்.

நான் எலக்ட்ரீஷியன். எனக்கு அங்கே வேலை இருக்குமா? (ஓசூர்)

நிச்சயமாக. உள்நோயாளி ஒருவருக்கு நாளுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் மோட்டார் நின்றால், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓடாது, ஆட்டோகிளேவ் ஓடாவிட்டால் தியேட்டர் இல்லை. எங்கள் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தபோது, டாக்டர்கள் உட்பட எல்லோரும் அவர் கூடாரத்து வாசலில்தான் நின்றோம். நீங்களும் குழுவோடு, பயிற்சியோடுதான் போக வேண்டும்.

பிணங்களை உடனே புதைக்காவிட்டால் கொள்ளைநோய் வரும் என்கிறார்களே? (நாகப்பட்டினம்)

சுனாமியின்போது உங்கள் ஊரில் இந்தப் பயம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் காயத்தாலும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைக் கிளப்புவதில்லை. நோய் வருவது உயிரோடிருப்பவர்களின் அசுத்தமான குடிநீரிலிருந்தும் கழிப்பிடத்திலிருந்தும். படம் எடுத்து, அடையாளம் குறித்து வைக்காமல் அவசரமாக மொத்தமாகப் புதைத்தால், குடும்பத்துக்கு வாழ்நாள் முழுக்கத் தேடல் மிஞ்சும்.

எங்கள் கிளப் சார்பில் மருந்து சேகரித்து அனுப்பலாமா? (கோவை)

வேண்டாம், பணமாகக் கொடுங்கள். 1988 ஆர்மீனியா நிலநடுக்கத்துக்கு வந்து குவிந்த மருந்தும் மருத்துவப் பொருளும் 5,000 டன். 50 பேர் ஆறு மாதம் உட்கார்ந்து பிரித்தார்கள்.

கிளம்பும் முன் என்னென்ன தடுப்பூசி போட வேண்டும்? (செவிலியர், வேலூர்)

ஹெபடைடிஸ் ஏ, பி, டைபாய்டு, டெட்டனஸ் கட்டாயம். மற்றவற்றைப் போகும் நாட்டைப் பொறுத்து உங்கள் குழு மருத்துவர் சொல்வார். இது உங்களைக் காப்பாற்ற மட்டும் இல்லை. ஹைட்டியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம். அதே அக்டோபரில், ஒரு நூற்றாண்டாக அங்கே இல்லாத காலரா வெடித்தது. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து பரவியது அது. பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். 2016-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டார். உதவப் போகிறவர் வயிற்றுப்போக்கை மறைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போகவே கூடாது.

பத்து நாள் லீவு கிடைக்கிறது. போதுமா? (எலும்பு முறிவு மருத்துவர், சேலம்)

போதாது சார். இடம் பழகவே நாலு நாள் ஆகும். மே 12 மதியம் 7.3 அளவில் மறுபடி பூமி ஆடியது. நாங்கள் கூடாரத்தில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கான்கிரீட் கூரைக்கு அடியில் படுக்க நோயாளிகள் யாரும் சம்மதிக்கவில்லை. அந்த வாரத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் அவர்களை எப்படி விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று இன்னும் நினைப்பேன். மூன்று வாரமாவது ஒதுக்குங்கள்.

இன்னொன்று. நீங்கள் போட்ட கட்டைப் பிரிக்கப் போவது நீங்கள் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டு மழையில் நனையும், தொலையும். அதனால் மாவுக்கட்டின் மேலேயே எழுதினோம்: எந்த எலும்பு, என்று போட்டது, என்று பிரிப்பது. முதலில் ஆங்கிலத் தேதிதான் போட்டோம். கூட இருந்த நேபாளச் செவிலியர்தான் திருத்தினார். ஏப்ரல் 25 நமக்குச் சித்திரை 12 என்றால், அவர்களுக்கு பைசாக் 12. மலை வீட்டில் தொங்குவது அந்தக் காலண்டர். அன்றிலிருந்து தேதியை அவரே எழுதினார். பத்து வயதுப் பையன் ஒருவனின் காலில் "அசார் 6" என்று எழுதியதும், அவன் அப்பா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, பையனை முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறினார்.