வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பிறகும் அமைச்சுகளுக்கு மேலதிகப் பணம் கேட்டு பாராளுமன்றத்துக்கு ஏன் வருகிறார்கள்?

திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒக்டோபர் வந்தால் வோட் லெட்ஜரில், அதாவது ஒவ்வொரு செலவுக்கும் ஒதுக்கிய தொகையைப் பதியும் பேரேட்டில், எரிபொருள் பக்கம் காலியாகிவிடும். மூதூருக்குப் போக வாகனம் நிற்கும், டீசல் அடிக்க "வோட்டில காசு இல்லை". பக்கத்துப் பக்கத்தில் பயிற்சிக்கு ஒதுக்கியது அப்படியே கிடக்கும். அதை எரிபொருளுக்கு மாற்றியெடுக்க அரச நிதி விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 66 வழி விடுகிறது, நிபந்தனைகளோடு.

மாற்றவும் மீதி இல்லையென்றால்? ஒதுக்கீட்டுச் சட்டம் ஒவ்வொரு அமைச்சுக்கும் வரம்பு போட்டிருக்கிறது. அதைத் தாண்ட, அமைச்சரவை ஒப்புதலோடு அமைச்சர் ஒருவர் குறைநிரப்பு மதிப்பீட்டை, அதாவது மேலதிகப் பணத்துக்கான கோரிக்கையை, சபையில் கொண்டுவர வேண்டும். அரச நிதி பாராளுமன்றத்தின் முழுக் கட்டுப்பாட்டில் என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. சாதாரண எம்.பி. ஒருவர் எழுந்து "எங்கள் ஊருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று பிரேரணை கொண்டுவர முடியாது. 152 அதைத் தடுக்கிறது.

2022 ஜூனில் அப்படி வந்த குறைநிரப்பு மதிப்பீடு 69,500 கோடி ரூபாய். நெருக்கடி நேரம், போட்ட கணக்கெல்லாம் தலைகீழ்.

சரி, அங்கீகாரம் கிடைத்தால் பணம் வந்துவிடுமா? இல்லை. அது செலவழிக்க அனுமதி மட்டுமே. காசு வரியிலோ கடனிலோதான் வரவேண்டும். திறைசேரி கட்டுநிதியை, அதாவது அலுவலகம் செலவழிக்கக் கையில் கொடுக்கும் காசை, விடுவிக்கும்வரை லெட்ஜரில் எண் இருக்கும், டீசல் இருக்காது.