கண்பட்டையைப் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள்

கேள்வி: ஆப்பிரிக்க ஃபிஞ்ச் (விதை தின்னும் சிறு பறவை) ஜோடி ஒன்று வளர்க்கிறேன். இரண்டுக்கும் சிவப்பு அலகு, கண்ணின் குறுக்கே சிவப்புப் பட்டை. ஒன்றுக்கு வால் கறுப்பு, மற்றதற்குப் பழுப்பு. ஆண், பெண் என்பதால் இந்த வேறுபாடா?

பதில்: இல்லை. அவை இரண்டு இனங்கள். கறுப்பு வால் உள்ளது பிளாக் ரம்ப்ட் வாக்ஸ்பில். செனகல் முதல் எத்தியோப்பியா வரை, சஹாராவுக்குத் தெற்கே நீளும் வறண்ட புல்வெளிப் பறவை. பழுப்பு வாலுடையது காமன் வாக்ஸ்பில். சஹாராவுக்குத் தெற்கே பெரும்பகுதியிலும், குறிப்பாக நாணலும் உயர்ந்த புல்லும் உள்ள இடங்களில் வாழ்வது.

வால் இறகு உதிர்ந்திருந்தால் வாலடியை, அதாவது வாலுக்குக் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். காமனுக்கு அங்கே கறுப்பு, மற்றதற்கு வெளிர்நிறம். காமனின் உடம்பெங்கும் நுண்ணிய குறுக்குக்கோடுகள் தெளிவாகத் தெரியும். மற்றதில் அவை மங்கல். கறுப்பு வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை விளிம்பு உண்டு. இளம் பறவைகளின் அலகு இரண்டு இனத்திலும் கறுப்புதான், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பால் அறிவது கடினம். காமன் ஆணுக்கு வயிற்றுச் சிவப்பும் வாலடிக் கறுப்பும் அழுத்தமாக இருக்கும். மற்ற இனத்தில் நிறத்தை நம்பாமல், பாடுகிறதா என்று கவனியுங்கள்; பெரும்பாலும் பாடுவது ஆண். நெருங்கிய உறவினங்கள் என்பதால் கலப்புக் குஞ்சு பிறக்கலாம். உடனே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் இனத்திலேயே துணை தேடுங்கள்.

கேள்வி: காமன் வாக்ஸ்பில் குஞ்சு பொரிக்கிறது. சில நாளில் குஞ்சுகளை வெளியே தள்ளிவிடுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் உயிருள்ள இரை போதாததுதான் காரணம். காய்ந்த தினையும் சாமையும் வளர்ந்த பறவைக்குப் போதும். புதிதாகப் பொரித்த குஞ்சுக்குப் பூச்சிப் புரதம் தேவை. அது கிடைக்காத பெற்றோர் குஞ்சுகளைக் கைவிட்டு, மறுபடி முட்டையிட முனைகின்றன.

வழக்கமாக 4 முதல் 6 முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, சுமார் 12 நாளில் பொரியும். பொரிப்பதற்குச் சில நாள் முன்பே பழ ஈ, சிறு கறையான், எறும்பு முட்டை கொடுத்துப் பழக்குங்கள். மீல்வோர்ம் (மாவுப்புழு) என்றால், அப்போதுதான் தோல் உரிந்து வெள்ளையாக இருக்கும் சிறியவை மட்டும். பொரித்த பிறகு பகல் முழுக்க, சிறிது சிறிதாகப் பலமுறை வையுங்கள். காலையில் மொத்தமாக வைத்தால் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். பால்பிடித்த பச்சைப் புற்கதிரும் நன்று.

கூட்டைத் திறந்து பார்க்காதீர்கள், அதுவும் கைவிடக் காரணமாகும். கூட்டின் மேல் இன்னொரு சிறு கூடு கட்டியிருந்தால் குப்பை என்று பிடுங்கிவிட வேண்டாம். இந்த இனம் கட்டுவதே அப்படித்தான்.

கேள்வி: கூண்டுக் கம்பி இடைவெளி?

பதில்: 1 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கூட்டைவிட்டு வந்த குஞ்சு இதைவிடப் பெரிய இடைவெளியில் நுழைந்துவிடும்.