வாசகர் கேள்வி - பதில்: சைலன்ட் வேலிக்குச் சொந்த ஏற்பாட்டில் போக

டூர் ஆபரேட்டர் இல்லாமல் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குப் போக முடியுமா? ரயில், பஸ் விவரம் வேண்டும்.
வாசகர், பெரம்பூர்

தாராளமாகப் போகலாம். சென்ட்ரலில் முன்னிரவில் கிளம்பும் மங்களூர் ரயிலில் ஏறினால் விடியற்காலை பாலக்காடு ஜங்ஷன். கேரளா போகும் ரயில்களில் சில பெரம்பூரிலும் நிற்கும். உங்கள் ரயில் நிற்குமா என்று பார்த்து, போர்டிங் ஸ்டேஷனைப் பெரம்பூர் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்காடு ஜங்ஷன் ஊருக்குள் இல்லை, ஒலவக்கோட்டில் இருக்கிறது. பாலக்காடு - கோழிக்கோடு சாலை அந்தப் பக்கமாகவே போகிறது. அதனால் மண்ணார்க்காடு பஸ்ஸுக்காக டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம், சாலைக்கு வந்து நின்றாலே போதும். மண்ணார்க்காடு சுமார் 40 கி.மீ. அங்கிருந்து அட்டப்பாடி மலைப்பாதையில் அகளி, ஆனைக்கட்டி போகிற பஸ்ஸில் ஏறி முக்காலியில் இறங்குங்கள். கோவையில் உறவினர் இருந்தால் ஆனைக்கட்டி, அகளி வழியாகவும் முக்காலிக்கு வரலாம்.

வனத்துறை அலுவலகம் முக்காலியில்தான். டிக்கெட், வழிகாட்டி, ஜீப் எல்லாம் அங்கேயே. காட்டுக்குள் 23 கி.மீ. தள்ளி இருக்கும் சைரந்திரி வரை ஜீப் போகும். போய்வர நாலைந்து மணி நேரம் ஆவதால் மதியத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ரயில் ஒரு மணி நேரம் தாமதம், மலைப்பாதை பஸ் இன்னொரு மணி நேரம் தாமதம் என்றால் அன்றைய பயணம் போச்சு. முதல் நாளே வந்து முக்காலியிலோ மண்ணார்க்காட்டிலோ தங்கி, காலை 8 மணிக்கு அலுவலக வாசலில் நில்லுங்கள். ஜீப் வாடகை வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. தனியாக வருகிறவர் வரிசையில் நிற்பவர்களோடு பேசிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஜீப் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் சனி, ஞாயிறைத் தவிர்ப்பது நல்லது. முன்கூட்டியே போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

சொந்த பைக்கில் சைரந்திரி வரை போகலாமா?
வாசகர், வியாசர்பாடி

முடியாது. பைக்கை முக்காலியிலேயே விட்டுவிட வேண்டும். நடந்து போகவும் விடமாட்டார்கள், அது யானை நடமாடும் காடு.

அட்டைக்குப் பயந்தே வீட்டில் வர மறுக்கிறார்கள். உப்பு, மூக்குப்பொடி கொண்டுபோனால் போதுமா?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போனால் அட்டை குறைவு. ஜூனில் தொடங்கி நவம்பர் வரை ஈரம் காயாது, அட்டையும் ஓயாது. உப்போ பொடியோ துணியில் தடவினால் முதல் ஓடையிலேயே கரைந்துவிடும். பயன் தருவது அட்டைக் காலுறைதான், அதை வீட்டிலேயே தைக்கலாம். உங்கள் பகுதி எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நெருக்கமாக நெய்த காடாத் துணி ஒன்றரை மீட்டர் வாங்கினால் இரண்டு கால்களுக்கும் போதும். பாதம் முதல் முழங்காலுக்குக் கீழ் வரை வரும் பை மாதிரி வெட்டி, ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டு, மேல் விளிம்பில் நாடா கோத்துவிடுங்கள். சாதாரண சாக்ஸ் வேண்டாம். அதன் பின்னல் கண்களில் அட்டை நூல் மாதிரி நீண்டு நுழைந்துவிடும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, நாடாவை இறுக்கி, அதற்கு மேல் ஷூ போடுங்கள். வெளிர் நிறத் துணியில் ஏறி வரும் அட்டை பளிச்சென்று தெரியும், சுண்டிவிடலாம்.

கடித்துக்கொண்டிருப்பதைப் பிய்த்து இழுக்காதீர்கள். உப்பு போட்டாலோ சூடு வைத்தாலோ வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கும், புண் சீழ் பிடிக்கலாம். இரண்டு முனைகளில் மெலிந்ததுதான் வாய். அதையொட்டி விரல் நகத்தை வைத்துத் தோலோடு பக்கவாட்டில் நகர்த்தினால் பிடி விடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே எடுத்துவிடுங்கள். அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது. அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கசியும், பார்க்கத்தான் பயமாக இருக்கும். சோப்பால் கழுவிப் பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும். ஆனால் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது.

சிங்கவால் குரங்கைப் பார்க்க முடியுமா? பைனாகுலர் எது வாங்கலாம்?
வாசகர், திருவொற்றியூர்

முடியலாம், ஆனால் உறுதி கிடையாது. அது மர உச்சியில் வாழும் பிராணி. தரையைத் தேடாமல் வெடிப்பலா மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதன் பூவும் விதையும் இதற்கு முக்கிய உணவு. மரத்தடியில் முள் ஓடுகள் சிதறிக் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். அங்கே உள்ள இன்னொரு குரங்கான கருமந்தியும் கறுப்புதான் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் இருந்தால் சிங்கவால் குரங்கு. நீண்ட வாலும் பழுப்புத் தலையும் கருமந்திக்கு.

பைனாகுலரில் 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மி.மீ.யில். 12×25 கையடக்கம்தான், ஆனால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 2 மி.மீ. சொச்சமே. 8×42-ல் அது 5 மி.மீ.க்கு மேல். மழைக்காட்டின் அடியில் பகலிலும் அரையிருட்டு என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

அங்கே சில்வண்டே கிடையாதாமே? அணை கட்ட இருந்த இடமும் அதுதானா?
வாசகர், எண்ணூர்

சில்வண்டு இல்லாததால் சைலன்ட் வேலி, அதாவது சத்தமில்லாத பள்ளத்தாக்கு என்ற பெயர் வந்தது என்பது ஒரு கதை. சில்வண்டு அங்கே இருக்கிறது, காதால் கேட்கலாம்.

அணை விஷயம் உண்மை. குந்திப்புழை ஆற்றைச் சைரந்திரியில் மறித்து 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். உங்கள் பக்கத்து அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் பழைய யூனிட் ஒன்றே 210 மெகாவாட். அதில் பாதியைச் சற்றே தாண்டும் மின்சாரத்துக்காக இந்தக் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்க இருந்தது. எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், விஞ்ஞானிகள் சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு 1984-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சைரந்திரியில் 30 மீட்டர் உயரக் கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. ஏறிப் பார்த்தால், மூழ்க இருந்த பள்ளத்தாக்கு காலடியில் விரியும்.

கேமரா லென்ஸ் உள்ளே பனி படிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
வாசகர், காசிமேடு

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் வியர்ப்பது போலத்தான் இதுவும். ஏசி பெட்டியில் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதில் படியும். இறங்குவதற்கு முன்பே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். செல்போன் நனைந்தால் சார்ஜ் போடாதீர்கள், அரிசியில் புதைத்தும் பயனில்லை. அணைத்துவிட்டு, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி நிறுத்தி உலரவிடுங்கள்.