கண்ணை மூடினால் கை எங்கே? பக்கவாதத்துக்குப் பிறகான கை உணர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் பதில்

பக்கவாதம் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கையைப் பற்றியே கேட்கின்றன. வலுவை எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்காமலே கை எங்கே இருக்கிறது என்று அறியும் நிலையுணர்வைக் கேட்பவர்கள் குறைவு. அதனால் அந்தக் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

அருமனை வாசகி: அப்பாவுக்கு 54 வயது. ரப்பர் பால் வெட்டுபவர். நான்கு மாதம் முன்பு வலது பக்கம் வாதம் வந்தது. இப்போது கை நன்றாக அசைகிறது, பிடியும் இருக்கிறது. ஆனால் விடியும் முன் வெட்டப் போனால் பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்திவிடுகிறார். சட்டைக்குள் கையை நுழைக்கவும் திணறுகிறார். கவனமில்லை என்று தோட்டக்காரர் திட்டுகிறார்.

கவனக்குறைவு இல்லை, அம்மா. கைக்கு வலு திரும்பிவிட்டது. கை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு எழும் சந்தேகம் இதுதான். பகலில் கண் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. இருட்டில் தலைவிளக்கின் வெளிச்சம் கத்தி முனையில் விழும். முழங்கையும் தோளும் தெரியாது. மரத்தின் வளர்படலத்தில் (பட்டைக்கு அடியில் மரம் வளரும் மெல்லிய அடுக்கில்) படாமல் ஒரு மில்லிமீட்டர் போலப் பட்டையை மிச்சம் வைத்து வெட்டுவது மணிக்கட்டின் உணர்வை நம்பிய வேலை. சட்டைக்குள் கை நுழையாததும் அதே காரணத்தால்தான்: துணிக்குள் போன கையைக் கண் பார்க்க முடியாது. முறையாகச் சோதித்து முடியும் வரை இருட்டில் கத்தி வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தோட்டக்காரரிடமும் காட்டுங்கள்.

களியக்காவிளை வாசகர்: பக்கவாதத்தில் கை உணர்வு போனால் என்ன செய்ய வேண்டும்? உடனே பதில் தரவும்.

யாருக்கு, எந்தப் பக்கம், எத்தனை நாள் ஆயிற்று, சர்க்கரை இருக்கிறதா, பேச்சு இருக்கிறதா? எதுவும் இல்லை. ஒரு வரிக் கடிதத்துக்கு என்னால் மருத்துவம் சொல்ல முடியாது. ஸ்கேன் அறிக்கையின் நகலோடு மறுபடி எழுதுங்கள். ஒருவேளை கை இன்றைக்குத்தான் மரத்தது என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூளைக் குழாயை அடைக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குச் சுமார் நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

பளுகல் வாசகர்: அம்மாவின் மணிக்கட்டில் இசைக்கவையை (தட்டினால் அதிரும் கவை) வைத்தார்கள். அதிர்வு தெரிகிறது என்றார். அப்படியானால் நிலையுணர்வும் சரிதானே?

இல்லை. மூளையின் மேலடுக்கான புறணியில் பாதிப்பு இருந்தால் அதிர்வு தெரிந்தும் நிலை தெரியாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கொல்லங்கோடு வாசகர்: கணவருக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் ‘உணர்வு இயல்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் தூங்கி எழும்போது இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. சீட்டில் இருப்பது பொய்யா?

பொய் என்று சொல்லமாட்டேன். சோதிக்கவில்லை, அல்லது சோதனை என்ற பெயரில் வேறு எதையோ செய்திருக்கிறார்கள். இந்த ஒரு வரி என்னிடம் வரும் சீட்டுகளில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் இந்த உணர்வுக்குப் பெயர் வைத்து நூறாண்டு கடந்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கையின் நிலையுணர்வில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அப்படியிருக்க, ஒரே ஒரு விரலை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டிவிட்டு ‘இயல்பு’ என்று எழுதுவது எப்படி நியாயம்?

கணக்கைப் பாருங்கள். மேலா கீழா என்று கேட்டால், ஒன்றுமே தெரியாதவரும் குத்துமதிப்பாகச் சொல்லிப் பாதி சரியாக்குவார். இரண்டே தரம் கேட்டால் நான்கில் ஒருவர் வெறும் ஊகத்திலேயே தேறிவிடுவார். நான்கு தரம் என்றால் பதினாறில் ஒருவர். பத்து தரம் கேட்டு எட்டுக்கு மேல் சரியாக வந்தால்தான் ஊகம் இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

அடுத்தது, விரலைப் பிடிக்கும் விதம். நகத்தின் மேலும் விரலின் அடியிலும் பிடித்துத் தூக்கினால், அழுத்தம் எந்தப் பக்கம் என்று தோலே சொல்லிக் கொடுத்துவிடும். கடைசிக் கணுவை இரண்டு பக்கவாட்டிலும் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தைய கணுவை இன்னொரு கையால் அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அசைவு சின்னதாக இருக்க வேண்டும். விரலைக் கொடிபோல முழுவதும் ஆட்டினால் யாருக்கும் தெரியும். மேல், கீழ், மேல், கீழ் என்று வரிசையாகவும் போகக் கூடாது. நோயாளி அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்வார்.

கண்ணைத் துணியால் மூடுங்கள். ‘கண்ணை மூடிக்கொள்ளுங்கள்’ என்று வாயால் சொன்னால் போதாது. இமையிடுக்கு வழியாகப் பார்க்கிறவர்கள் நிறைய. ஏமாற்ற அல்ல, தோற்றுவிடுவோமோ என்ற பயத்தால். பாதிக்கப்படாத கையில் முதலில் செய்து, பிறகு பாதிக்கப்பட்ட கைக்கு வாருங்கள். விரலோடு நிறுத்தவும் கூடாது. மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். விரல் நன்றாக இருந்து தோள் மோசமாக இருப்பவரும் உண்டு.

அம்மா, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், எந்தெந்த மூட்டில், எத்தனை தரம், கண்ணை மூடிச் சோதித்தீர்கள் என்று மரியாதையாகவே கேளுங்கள். பதில் இல்லையென்றால் மறுபடி சோதித்து எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அதுவரை இரவில் இடது கைக்கு அடியில் தலையணை வைத்து, கை கண்ணில் படும்படி படுக்க வையுங்கள்.

பாறசாலை வாசகர்: அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. இங்கே மருத்துவமனையில் மலையாளத்தில்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லாததால் ‘சோதிக்க இயலவில்லை’ என்று விட்டுவிட்டார்கள்.

பேசாதவரையும் சோதிக்கலாம். கண் திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று தரம் விரலை அசைத்து, நல்ல கையால் மேலே கீழே காட்டப் பழக்குங்கள். பழகிய பிறகு கண்ணைக் கட்டுங்கள். அப்படிக் காட்டும் அளவுக்கு அவருக்குப் புரிகிறதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்ய வேண்டும். மகனோ மகளோ பக்கத்தில் நின்று தமிழில் சொன்னால் போதும்.

குலசேகரம் மாணவி: பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு. நிலையுணர்வுச் சோதனைகள் அனைத்தையும் மதிப்பெண்ணுடன் விளக்கவும்.

உங்கள் பாடப்புத்தகத்தை நான் எழுதித் தர முடியாது. புத்தகத்தில் பலர் கவனிக்காமல் தாண்டும் மூன்றை மட்டும் சொல்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகான மீட்சியை அளக்கும் ஃபியூகல்-மேயர் மதிப்பீட்டில், கையின் நிலையுணர்வுக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு, கட்டைவிரல் என்று நான்கு மூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, ஆகமொத்தம் 8. மிக முரட்டுத்தனமான அளவுகோல் அது. 8 எடுத்தவருக்கும் குறை இருக்கலாம். கட்டைவிரலைக் கண்டுபிடிக்கும் சோதனையில் பாதித்த கையை ஓரிடத்தில் தூக்கி வைத்து, கண்கட்டோடு நல்ல கையால் அந்தக் கட்டைவிரலைப் பிடிக்கச் சொல்கிறோம். நேராகப் பிடிக்கிறாரா, சில சென்டிமீட்டர் தவறுகிறாரா, கையைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்கிறாரா, கண்டுபிடிக்கவே இல்லையா என்று தரம் பிரியுங்கள். மூன்றாவது, ஒரு கையைப் போலவே மறுகையை வைத்துக் காட்டும் சோதனை. வலது மூளையில் பாதிப்பு இருந்தால் இடப்பக்கத்தையே கவனிக்காத குறையும் சேர்ந்து வரலாம். ‘நல்ல’ கையும் முழுக்க நல்லதாக இராது. அப்போது தவறு எதனால் வந்தது என்று பிரித்தறிய வேண்டும். கண்ணைத் துணியால் மூட வேண்டும் என்பதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

திற்பரப்பு வாசகர்: கேரள எல்லை தாண்டிப் போய் உழிச்சலும் (எண்ணெய்த் தேய்ப்பு) சூட்டுக் கிழியும் (சூடான மருந்துப் பொட்டலம்) எடுக்கலாமா? ஊரில் வர்ம ஆசான் தோளை இழுத்துச் சரிசெய்வதாகச் சொல்கிறார்.

தோளை இழுக்க விடாதீர்கள். வாதம் வந்த தோளில் மூட்டைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு இறங்கும், வலி மாதக்கணக்கில் நிற்கும். கிழியில் எனக்கு உள்ள ஆட்சேபம் சூட்டைப் பற்றியது. நிலையுணர்வு போன கையில் சூட்டுணர்வும் போயிருக்கலாம். அதைத் தனியாகச் சோதிக்காமல் சூடு வைத்தால் தோல் கொப்புளித்த பிறகுதான் தெரியவரும். குளிக்கும் தண்ணீரையும் நல்ல கையால்தான் பார்க்க வேண்டும். ஆசானிடம் மரியாதையோடு இதையே சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: ரோபோ வைத்துக் கையின் உணர்வை அளக்கிறார்களாமே? அண்ணனுக்காக எவ்வளவு செலவானாலும் போகத் தயார்.

கனடாவின் கிங்ஸ்டனில் உருவான கின்ஆர்ம் போன்ற கருவிகள் அவை. கை எவ்வளவு தூரம் தவறுகிறது என்று துல்லியமாக அளக்கும், ஆராய்ச்சிக்கு அருமையானவை. உங்கள் அண்ணனுக்கு இப்போது தேவை ஒரு துணி, ஒரு நாற்காலி, அரைமணி நேரம் ஒதுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். பணத்தைத் தொடர்பயிற்சிக்கு வையுங்கள்.

குழித்துறை வாசகர்: கையில் வலு முழுசாக வந்துவிட்டது. ஸ்கூட்டர் ஓட்டலாமா?

வேண்டாம், நிலையுணர்வைச் சோதித்து நரம்பியல் மருத்துவர் சரி சொல்லும் வரை. ஓட்டும்போது கண் சாலையில் இருக்கும். பிரேக்கில் இருக்கும் கையைக் கண் பார்க்காது.

தேங்காப்பட்டணம் வாசகர்: கால் பெருவிரலிலும் உணர்வு இல்லை என்கிறார்கள். 15 வருடமாகச் சர்க்கரை உண்டு.

இரண்டு காலிலும் ஒரே அளவுக்கு உணர்வு குறைந்திருந்தால் சர்க்கரையின் வேலையாக இருக்கலாம். வாதத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நித்திரவிளை வாசகர்: கடல் தொழில். வலை பின்னும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் ஆகிவிட்டது. இனி உணர்வு திரும்புமா?

தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் நடக்கும். அதற்குப் பிறகும் பயிற்சியால் முன்னேற்றம் வரும். ஆனால் கையை மற்றவர் வெறுமனே ஆட்டிக் கொடுத்தால் மட்டும் வராது. நீங்களே கவனித்து, ஊகித்து, சரிபார்க்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கட்டை வீட்டில் ஒருவர் ஒரு கோணத்தில் வைக்கட்டும். எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். பிறகு துணியை விலக்கிக் கண்ணால் பாருங்கள். மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு அதே நிலையை உணர்ந்து பாருங்கள். முதலில் பெரிய வித்தியாசங்கள், போகப்போகச் சின்னவை. ஒரு நாளைக்கு அரைமணி போதும், ஆனால் தினமும். பிறகு நூல் தடிமனான வலையில் ஊசியைக் கண்கட்டோடு கோத்துப் பழகுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பத்தில் எத்தனை சரி என்று நோட்டில் குறித்து, அந்த நோட்டோடு வாருங்கள்.