நகரியிலிருந்து எழுதிய தந்தைக்கு: அலகு மாற்றம் வரவில்லை என்று படிப்பை நிறுத்தவேண்டாம்

அன்புள்ள ஐயா,

காக்கிநாடாவில் பெட்ரோலியப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், துளையிடல் தாளில் தோற்றுவிட்டு, "எனக்கு இது வராது, கம்ப்யூட்டர் பக்கம் போய்விடுகிறேன்" என்று அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். விடைத்தாள் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அவளுக்குக் கணக்கு வருகிறது. அலகு மாற்றத்தில்தான் ஒவ்வொரு முறையும் சறுக்குகிறாள். கல்விக் கடன் வாங்கி மூன்றாம் ஆண்டுவரை வந்த பெண் துறையை மாற்ற இது காரணமே ஆகாது.

அவள் தாளிலிருந்தே ஒரு கணக்கு. திரவத்தின் அழுத்தச் சரிவு அடிக்கு 0.52 பிஎஸ்ஐ, அதாவது ஆழம் ஓர் அடி கூடினால், சதுர அங்குலத்துக்கு 0.52 பவுண்டு அழுத்தம் கூடுகிறது. அடர்த்தியைக் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்லவேண்டும். அவள் 0.52-ஐ 0.052-ஆல் வகுத்து 10 என்று கண்டாள். அதை 1000-ஆல் பெருக்கி 10,000 என்று முடித்தாள். ஈயத்தின் அடர்த்தியே ஏறத்தாழ 11,340 தான். எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது உள்ளே செலுத்தும் சேறு போன்ற திரவம்தான் துளைச் சேறு; ஈயத்தை நெருங்கும் கனத்தில் அது கிடையாது என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குக் கவலை தந்தது அந்த இடம்தான், மதிப்பெண் இல்லை.

அவள் கண்ட 10 தவறான எண் அல்ல. அது ஒரு அமெரிக்க காலனுக்கு 10 பவுண்டு என்ற அளவு. 0.052 என்ற மனப்பாட எண் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த அலகில்தான். பெயர் எழுதாமல் எண்ணை மட்டும் எழுதியதால், அதையே கன சென்டிமீட்டருக்கு 10 கிராம் என்று எடுத்துக்கொண்டு விட்டாள்.

உங்கள் விசைத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூலுக்கு நம்பர் ஏறினால் இழை மெலியும்; பாலியஸ்டருக்கு டெனியர் ஏறினால் இழை தடிக்கும். நீங்கள் தடுமாறுவதில்லை, நூல் உங்கள் விரலில் இருக்கிறது. அவள் கையில் எண் மட்டும் இருக்கிறது, திரவம் இல்லை.

ஆகவே அவள் சூத்திரப் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு படம் வரையட்டும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் கொண்ட பெட்டி நிறையத் தண்ணீர். எடை ஏறத்தாழ 62.4 பவுண்டு. அடித்தளம் 144 சதுர அங்குலம். 62.4-ஐ 144-ஆல் வகுத்தால் 0.433. நல்ல தண்ணீரின் அழுத்தச் சரிவு அடிக்கு 0.433 பிஎஸ்ஐ என்பது இப்படித்தான் வருகிறது. தண்ணீரின் அடர்த்தி மெட்ரிக்கில் கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். எனவே எந்தத் திரவமானாலும் அதன் சரிவை 0.433-ஆல் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைத்துவிடும். 0.52-க்கு விடை 1.20, கன மீட்டருக்கு 1200 கிலோ. உப்புநீருக்கு வழக்கமாகச் சொல்லும் 0.465-ஐ வகுத்தால் 1.07. இந்தப் பெட்டியை ஒருமுறை தானே வரைந்தவள் 0.433-ஐ மறந்தாலும் மீண்டும் கண்டுபிடித்துக்கொள்வாள்.

இரண்டு பொறிகளை மட்டும் எச்சரிக்கிறேன். மீட்டருக்கு இத்தனை கிலோபாஸ்கல் என்று கொடுத்திருந்தால் அது இன்னும் அடர்த்தி ஆகவில்லை; நடுவே புவியீர்ப்பு நிற்கிறது. அதே திரவத்துக்கு மீட்டருக்கு 11.77 கிலோபாஸ்கல் என்று கொடுத்திருந்தால், அதைப் புவியீர்ப்பு எண்ணான 9.81-ஆல் வகுத்தால்தான் 1.20 வரும். இன்னொன்று காலன். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். பிரிட்டிஷ் காலனுக்கு 10 பவுண்டு என்றால் அது வெறும் தண்ணீர்.

அலகில் இவ்வளவு கறாராக இருப்பது ஏன் என்று கேட்பீர்கள். சேறு இலேசாகிவிட்டால் நிலத்தடி வாயு கிணற்றுக்குள் புகும். கனத்துவிட்டால் பாறை பிளந்து சேறு வீணாகும். கிணற்று அழுத்தம் கையை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கோதாவரிப் பகுதி பார்த்திருக்கிறது: 1995 ஜனவரியில் பாசர்லபூடியில் வெடித்த கிணறு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. சேற்றுக்குக் கனம் ஏற்றும் பேரைட் கல்லும் உங்கள் பக்கத்து மண்தான். ரேணிகுண்டாவிலிருந்து கடப்பா போகும் வழியில் உள்ள மங்கம்பேட்டையின் பேரைட் படிவம் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. பேரைட்டின் அடர்த்தியே கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2 கிராம்தான். சேற்றுக்கு அதே அலகில் 10 என்று விடை வந்தால் உடனே பேனாவை நிறுத்தவேண்டும் என்பதற்கு அவளுக்கு இந்த ஓர் எண் போதும்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்தத் துறையில் ஆளெடுப்பு எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனது. உலகெங்கும் பலர் வேலை இழந்தார்கள். அதனால் ஒரே கதவை நம்பி அவள் உட்காரக்கூடாது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் பெட்ரோலியப் பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது, அதற்கு இப்போதே படிக்கட்டும். நிரலாக்கத்தில் ஆர்வம் இருந்தால் பக்கத்திலேயே கற்கட்டும். கிணற்றுத் தரவைக் கையாளத் தெரிந்தவர்களை எண்ணெய் நிறுவனங்களும் தேடுகின்றன.

அடுத்த துணைத்தேர்வுக்குக் கட்டணம் கட்டிவிடுங்கள். அதுவரை தினமும் ஐந்து மாற்றக் கணக்குகள், ஒவ்வொரு வரியிலும் அலகின் பெயரோடு. துறை மாறும் பேச்சை முடிவு வந்தபிறகு எடுங்கள்; அப்போதும் விருப்பமில்லை என்றால் அது வேறு விஷயம், அவளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.